ரோமானியர் கையில் முள்கரண்டியா?

கேள்வி: சினிமாவில் ரோமானியர்கள் விருந்தில் முள்கரண்டியால் குத்திச் சாப்பிடுகிறார்களே, நிஜத்திலும் அப்படித்தானா?
– வாசகர், தேனி

பதில்: இல்லைங்க, கையால்தான் சாப்பிட்டார்கள். வசதியானவர்கள் விருந்தில் சாய்ந்து படுத்து, இடது முழங்கையை ஊன்றிக்கொள்வார்கள். மிச்சமிருப்பது வலது கை ஒன்றுதான் என்பதால் இறைச்சியெல்லாம் முன்கூட்டியே வெட்டித் துண்டாகத்தான் வரும், நடுநடுவே அடிமைகள் தண்ணீர் ஊற்றிக் கை கழுவிவிடுவார்கள். கரண்டி உண்டு. அதில் சின்ன ரகம் ஒன்றின் காம்பு நுனி ஊசி மாதிரி கூராக இருக்கும். நத்தையை ஓட்டிலிருந்து குத்தி எடுக்க அந்த முனை, முட்டை சாப்பிட மறுமுனை.

முள்கரண்டிக்கு வேலை பெரும்பாலும் அடுப்படியில்தான். ஆனாலும் கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் ஒரு ரோமானியக் கருவி இருக்கிறது: வெள்ளியில் செய்தது, கரண்டி, முள், கத்தி எல்லாம் ஒன்றாக மடங்கும். பயணம் போன யாரோ பணக்காரருடையதாக இருக்கலாம்.

பாத்திரங்களில் வில்லங்கமானது ஈயம். திராட்சைச் சாற்றைச் சுண்டக் காய்ச்ச வெண்கலத்தைவிட ஈயப் பாத்திரமே நல்லது, வெண்கலத்தில் களிம்பு ஏறி ருசி கெடும் என்று விவசாயம் பற்றி எழுதிய ரோமானியர் கொலுமெல்லா எழுதிவைத்தார். ஈயம் விஷம், சாற்றின் புளிப்பில் அது கரைந்து வயிற்றுக்குள்ளே போனது. அதனால்தான் ரோமப் பேரரசே விழுந்தது என்று சிலர் சொல்வதெல்லாம் கொஞ்சம் ஓவர்.

அப்புறம், இத்தாலியின் அரெஸ்ஸோ பாணிச் சிவப்பு மண்தட்டுகளின் துண்டுகள் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டிலும் கிடைத்தன, 1945-இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது.