நாகர்கோவில் டிராஃபிக்கில் சைக்கிளில் வேலைக்கு இன்னும் வேகமாகப் போக என்ன செய்யலாம்?

தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன், டவுனுக்குள் நுழைந்ததும் நேரம் போய்விடுகிறது, வேகத்தைக் கூட்ட என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு இருபத்தைந்து, முப்பது வயதிருக்கும், புதிதாக ஒரு கியர் சைக்கிள் வாங்கியிருப்பீர்கள், கூட வேலை பார்க்கிறவர்கள் பைக்கில் தாண்டிப் போகும்போது ஒரு ஹாரன் அடித்துவிட்டுத்தான் போவார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் இருந்தது. அந்த ஹாரன் சத்தத்துக்காகவே நான் மிதிக்க ஆரம்பித்தேன்.

எனக்கு 44 வயது. சுசீந்திரத்துக்கு அந்தப் பக்கம் வீடு, செட்டிகுளம் பக்கத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். போக 9 கிலோமீட்டர். பழையாற்றுப் பாலம், இடலாக்குடி, கோட்டாறு, சவேரியார் கோயில் ஜங்ஷன், அப்புறம் செட்டிகுளம். ஆரம்பத்தில் 40 நிமிடம் ஆகும். எப்படியாவது 30-க்குள் கொண்டுவர வேண்டும் என்று ஒரு வெறி. வயல் ஓரமாக வரும் வெறும் ரோட்டில் மூச்சு வாங்க மிதித்து, கோட்டாறு வந்ததும் லாரிக்குப் பின்னால் நின்று, நின்ற கோபத்தில் கிடைத்த சந்திலெல்லாம் நுழைந்து போவேன். இப்படி இரண்டு மாதம். மிச்சமானது இரண்டு நிமிடம்கூட இல்லை.

ஒரு நாள் கோட்டாறில் ஒரு மினி பஸ் நின்றிருந்தது. வலது பக்கம் போக வழியில்லை, இடது பக்கம் பஸ்ஸுக்கும் சாக்கடைக் கல்லுக்கும் நடுவில் மூன்றடி இடம். நுழைந்துவிட்டேன். அதே நேரம் படியில் இருந்து ஒரு மீன்காரம்மா மீன் பாத்திரமான சருவத்தோடு இறங்கினார். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன், முன்சக்கரம் கல்லில் ஏறி, நான் ஒரு பக்கம், சருவம் ஒரு பக்கம். தார் ரோடு முழுக்கச் சாளை. என் செயினில்கூட ஒரு மீன் மாட்டிக்கொண்டிருந்தது. நல்லவேளையாக அவருக்கு அடி இல்லை. எனக்கு வலது மணிக்கட்டு எலும்பில் கீறல், மூன்று வாரம் கட்டு. என்னை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கலாம், திட்டினாலும் நியாயம்தான். அவர் சாளையை விட்டுவிட்டு முதலில் என் கையைப் பிடித்துத் தூக்கி, "எங்க மக்கா இப்படிப் பறக்கே?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. மீனுக்குக் காசு கொடுத்தேன், பாதிதான் வாங்கினார். இன்றைக்கும் அந்த இடத்தைத் தாண்டும்போது உடம்பு ஒரு நிமிடம் கூசும். அவர் கீழே விழுந்து தலையில் பட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்?

இதைப் படித்துவிட்டு, வேகம் கேட்டால் பயம் காட்டுகிறான் என்று யாராவது எழுத வருவார்கள். அப்படி இல்லை. நான் இப்போது 31, 32 நிமிடத்தில் போகிறேன். எப்படி என்றுதான் சொல்ல வருகிறேன்.

கட்டு அவிழ்த்ததும் மொபைலில் கணக்குப் பார்த்தேன். மொத்தம் 40 நிமிடத்தில் சக்கரம் உருண்டது 31, சும்மா நின்றது 9. இதில் நான் எதைக் குறைக்கப் பார்த்திருக்கிறேன்? அந்த 31-ஐ. அதைக் குறைப்பது ரொம்பக் கஷ்டம், ஏனென்றால் எதிர்காற்று சும்மா விடாது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்கு, அதைத் தள்ளுவதற்கு வேண்டிய சக்தி எட்டு மடங்கு. ஆனி, ஆடியில் நம் ஊரில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இதைக் கணக்குப் போட்டு விளக்க வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே மேற்குக் காற்று, பழையாற்றுப் பாலத்தில் காலையில் நேராக நெஞ்சில் வந்து அடிக்கும். அங்கே நிமிர்ந்து உட்கார்ந்து மல்லுக்கட்டுவது வீண். முழங்கையை மடக்கிக் கொஞ்சம் குனிந்து, ஒரு கியர் இறக்கி, பைய மிதித்தால் போதும்.

நின்ற 9 நிமிடத்தைத்தான் பிடித்தேன். வீட்டில் இருந்து 8.50-க்குக் கிளம்பியவன் 8.30-க்குக் கிளம்பினேன். அந்த இருபது நிமிடத்தில் ஸ்கூல் வேன்கள் வேறு இடத்தில் இருக்கும், கோட்டாறு சந்தையான கம்போளத்துக்கு வரும் லாரி கொஞ்சம் குறைவாக இருக்கும். நின்ற நேரம் 4 நிமிடமாகிவிட்டது. சீக்கிரம் கிளம்புவதற்குப் பெயர் வேகமா என்று கேட்கலாம். வேலைக்குப் போகிறவனுக்கு வேறு எது வேகம் என்று எனக்குத் தெரியவில்லை.

உருளும் நேரத்தில் மிச்சமான மூன்று நிமிடம் சைக்கிள் கடை அண்ணாச்சி தந்தது. கோட்டம் எடுக்கக் கொண்டுபோனேன், டயரை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "மக்ளே, பாதிக் காத்துல ஓட்டிட்டு காலைக் குத்தம் சொல்லாத" என்றார். டயரின் பக்கவாட்டில் காற்று எத்தனை பி.எஸ்.ஐ (காற்றழுத்த அளவு) என்று அச்சிட்டிருக்கும், வாரம் ஒருமுறை அதைப் பார்த்து அடியுங்கள். கண்ணால் பார்த்து அடிப்பது சரியாக வராது. சீட்டும் எனக்கு மூன்று விரல் தாழ்வாக இருந்தது. பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அதுதான் அளவு. செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசியெல்லாம் ஒட்டிப் பசையாகிவிடும். தையல் மிஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டுத் துடைத்தாலே போதும், மழைக் காலத்தில் மட்டும் அடிக்கடி விட வேண்டும், நமக்குத்தான் வருடத்தில் இரண்டு மழைக்காலம் ஆயிற்றே.

கியர் சைக்கிள் என்றால் நிற்பதற்கு முன்பே லேசான கியருக்கு வந்துவிடுங்கள். கனமான கியரில் நின்றுவிட்டு அதிலேயே எம்பிக் கிளம்புகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன், முட்டிதான் போகும். நிமிடத்துக்கு 70, 80 சுற்று வருகிற மாதிரி லேசாக மிதிப்பது நல்லது. நிறுத்தியிருக்கும் கார் ஓரமாக உரசிப் போக வேண்டாம், கதவு எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது, மூன்றடி தள்ளியே போங்கள். பின்னால் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். நிற்கும் பஸ்ஸுக்கு இடது பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள். ஹெல்மெட் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்பார்கள், நான் போடுகிறேன், நீங்களும் போடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். நான் இவ்வளவு பாடுபட்டதற்குக் காரணமே கடையில் வைத்திருக்கும் விரல் ரேகை மிஷின். 9.30 தாண்டி மூன்று நாள் வந்தால் அரை நாள் சம்பளம் போச்சு. ராத்திரி ஸ்டாக் கணக்கு முடிய ஒன்பதரை ஆகிறதே, அதை அந்த மிஷின் எழுதுவதில்லை. போதாததற்கு, கஸ்டமர் கார் நிறுத்த இடம் உண்டு, ஊழியர் பைக்குக்கு ஷெட் உண்டு, சைக்கிளுக்கு மட்டும் இடம் கிடையாது. பின்பக்கம் அட்டைப்பெட்டி குவித்திருக்கும் இடத்தில் வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. ஒரு ஸ்டாண்ட் போட என்ன செலவாகிவிடும்? மூன்று முறை கேட்டுவிட்டேன். சைக்கிளில் வருகிறவன் என்றால் ஒரு இளப்பம், அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

சரி. நீங்கள் எந்த வழியாக வருகிறீர்கள் என்று எழுதுங்கள். பார்வதிபுரம் பக்கம் எனக்கு அவ்வளவு பழக்கம் இல்லை. கோட்டாறு வழி என்றால் எந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டியிருக்கும் என்று தெருத் தெருவாகச் சொல்கிறேன்.