ஏழை நாடுகள்ல தாய்க்கும் பச்சப்புள்ளைக்கும் வர்ற தொற்றைத் தடுக்க உண்மையிலேயே எது வேலை செய்யுது? ஊசியா, மாத்திரையா, சுத்தமா?

நேரா சொல்லிர்றேன். தண்ணி, சோப்பு, அப்புறம் வீட்டுல இருக்கிற மாமியார். ஊசி மாத்திரை வேண்டாம்னு சொல்லல, ஆனா இந்த மூணும் சரியில்லாத எடத்துல ஊசியும் மாத்திரையும் பாதி வேலைதான் பாக்கும்.

நான் டாக்டர் கிடையாது. ராமநாதபுரம் மாவட்டத்துல கடலோர ஊர்கள்ல கிராம சுகாதார செவிலியரா ரொம்ப வருஷமா வேலை பாக்குறேன். ஊருக்குள்ள நர்சம்மாம்பாங்க, கீழக்கரைப் பக்கம் போனா நர்ஸ் லாத்தா, அதாவது நர்ஸ் அக்கா. தமிழ்நாட்டுல இப்ப கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரிலதான் நடக்குது, அதனால ஆப்பிரிக்கா பக்கத்து ஏழை நாடுகளப் பத்துன கேள்விக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பாங்க. பிரசவம் ஆஸ்பத்திரில, சரி. ரெண்டு மூணு நாள்ல டிஸ்சார்ஜ் ஆகி புள்ளையத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்தப்புறம் அந்த வீட்டுல தண்ணி இருக்கா? அதுலதான் எங்க கதையும் ஆப்பிரிக்காவுல இருக்கிற மலாவிக்காரங்க கதையும் ஒண்ணா வந்து நிக்குது.

எங்க பக்கம் போர் போட்டா உப்பு. காவிரித் தண்ணி வர்ற ஊருக்கு வரும், அதுவும் தெனம் வரும்னு சொல்ல முடியாது. வண்டித் தண்ணி வாங்குனா குடம் பத்து ரூவாய்க்குக் கம்மி இல்ல. அதுக்கும் வழியில்லன்னா ஊத்துதான், மணல்ல குழி தோண்டி அது ஊறுற வரைக்கும் காத்துக் கெடந்து செரட்டையால மொண்டு மொண்டு குடத்துல ஊத்தி, அதத் தள்ளுவண்டில வச்சு வெயில்ல தள்ளிட்டு வரணும். அப்படிக் கொண்டாந்த தண்ணிய வச்சுக்கிட்டு நிக்கிறவகிட்ட போயி புள்ளையத் தொடுறதுக்கு முன்னாடி கை கழுவும்மான்னு சொன்னா, "குடிக்கவே பத்தல, கைக்கு ஊத்தச் சொல்றீகளே நர்சம்மா"ன்னுதான் கேப்பா. கேக்காம என்ன செய்வா.

ஆனா இதுல ஒரு விஷயம் யாரும் அவங்ககிட்ட சொல்றதில்ல. கை கழுவ குடிதண்ணி தேவையே இல்ல. போர்ல வர்ற உப்புத்தண்ணி போதும். உப்புத்தண்ணில சோப்பு நுரைக்காது, நுரைக்கலன்னா அழுக்குப் போகலன்னு நெனச்சு சோப்பையே விட்டுர்றாங்க, அங்கதான் கோளாறு. நுரை கம்மியா வந்தாலும் பரவால்ல, சோப்பு போட்டு ஒரு இருவது செகண்டு விரல் இடுக்கு, நகக்கண்ணு, கட்டைவிரல்னு நல்லாத் தேய்ச்சா அழுக்கும் கிருமியும் பேந்து வந்துரும், அப்புறம் அத ஒழுகவிட்டுக் கழுவிட்டாப் போதும். சட்டியில கைய முக்கி எடுக்கிறதுதான் தப்பு.

அதுக்கு ஒரு லிட்டர் பாட்டில் ஒண்ணு போதும். அடிப்பக்கத்துல ஓரமா, ஊசியச் சுட வச்சு ஒரு ஓட்டை போடுங்க. தண்ணிய நெறச்சு மூடிய இறுக்குனா தண்ணி நின்னுரும், மூடிய லேசாத் திருகி விட்டா நூல் மாதிரி ஒழுகும், ஏன்னா மேல காத்து போனாத்தான் கீழ தண்ணி எறங்கும். அதத் தொட்டில் கட்டுன வீட்டு வாசல்ல தொங்க விட்டு, பக்கத்துல ஒரு பழைய வலைத்துண்டுல சோப்பப் போட்டுக் கட்டி விட்டுட்டு வருவேன். வலைக்கு எங்க ஊர்ல என்ன பஞ்சம். ஒரு பாட்டில்ல நாலஞ்சு பேரு கை கழுவிரலாம்.

சரி, வீட்ட விடுங்க. ஆஸ்பத்திரியே எப்படி இருக்கு உலகத்துல? உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து 2022-ல சொன்ன கணக்குப்படி, நோயாளியப் பாக்குற எடத்துலயும் கழிப்பறையிலயும் கை கழுவ தண்ணி சோப்போ இல்ல கைல தேய்க்கிற ஆல்கஹாலோ இல்லாத ஆஸ்பத்திரிங்க உலகத்துல பாதி. பாதிங்க! 1847-ல வியன்னாவுல செம்மல்வைஸ்னு ஒரு டாக்டர், பொணத்த அறுத்துப் பாத்துட்டு அப்படியே பிரசவ வார்டுக்கு வர்ற டாக்டருங்கள க்ளோரின் தண்ணில கைய கழுவ வச்சாரு, பிரசவக் காய்ச்சல்ல சாகுறவங்க எண்ணிக்கை மடமடன்னு கொறஞ்சுது. அதுக்கு முன்னாடி அதே ஆஸ்பத்திரில மருத்துவச்சிங்க பாத்த வார்டுல சாவு கம்மி, டாக்டருங்க பாத்த வார்டுல சாவு ஜாஸ்தி. இத எங்க ட்ரெய்னிங்ல கேட்டதுலருந்து எனக்கு ரொம்பப் புடிச்ச கதை இதுதான், காரணம் சொல்லத் தேவையில்ல.

இப்ப மாத்திரைக்கு வரேன். அசித்ரோமைசின்னு ஒரு ஆன்டிபயாடிக், அதாவது கிருமியக் கொல்ற மாத்திரை, 2 கிராம், ஒரே ஒரு தடவ, வலி எடுத்து வந்த பொண்ணுக்கு வாய் வழியாக் குடுத்துப் பாத்த ஒரு பெரிய ஆய்வு 2023-ல வந்துச்சு. ஏழு நாட்டுல நடந்துச்சு, நம்ம நாக்பூரும் பெலகாவியும் அதுல உண்டு, மொத்தம் 29,000 பேருக்கு மேல. சுகப்பிரசவத்துக்கு வந்தவங்கள்ல செப்சிஸ் (தொற்று முத்தி உடம்பு முழுக்கப் பாதிக்கிறது) வந்தவங்களும் எறந்தவங்களும் சேர்ந்து, மருந்தே இல்லாத சும்மா மாத்திரை குடுத்த பக்கம் 2.4 சதவீதம், மருந்து குடுத்த பக்கம் 1.6 சதவீதம். ஒரு மாத்திரைக்கு இது சாதாரண விஷயம் இல்ல, ஒத்துக்கிறேன். ஆனா அதே ஆய்வுல புள்ளைங்களுக்கு எந்தப் பிரயோஜனமும் இல்ல, செப்சிஸ் வந்ததும் எறந்ததும் சேர்ந்து ரெண்டு பக்கமும் பத்து சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலதான் நின்னுச்சு. தாயக் காப்பாத்துன மாத்திரை புள்ளையக் காப்பாத்தல, புள்ளைக்கு வர்ற கிருமி வேற வழியா வேற கையிலருந்தும் வருது. இதப் படிச்சுட்டு யாரும் மெடிக்கல் ஷாப்புல போயி அசித்ரோமைசின் வாங்கி கர்ப்பிணிக்குக் குடுத்துறாதீங்க சாமி. ஏற்கனவே எங்க ஊர்ல தும்முனா அந்த மாத்திரைதான், இப்படியே போனா கிருமி மருந்துக்குப் பழகிப்போயி பச்சப்புள்ளைக்கு செப்சிஸ் வர்ற அன்னிக்குப் போட மருந்து எதுவும் மிஞ்சாது.

இனி மாமியார், இல்லன்னா அப்பத்தா. புள்ள வீட்டுக்கு வந்த மொத நாலு வாரத்துல அத யார் குளிப்பாட்டுறாங்களோ அவங்க கையிலதான் அதோட உசுரு இருக்கு. சேனை வைக்கிறேன்னு தேனையும் சக்கரத்தண்ணியையும் விரல்ல தொட்டு நாக்குல வைப்பாங்க (ஒரு வயசுக்குள்ள தேன் கூடவே கூடாது), சீம்பால பீச்சி வெளிய ஊத்துவாங்க, மூக்குல எண்ணெய் விட்டு ஊதுவாங்க, அது நெஞ்சுல எறங்கி நிமோனியா ஆகும். தொப்புள்கொடில சாம்பல், மஞ்சள், பவுடர், அவங்கவங்க கைக்கு எட்டுனது.

ஒரு அப்பத்தா இருந்துச்சு, பாம்பன் பக்கம். நான் கொடில எதுவும் வைக்காதீக, காத்தாட விடுங்க, துணிய கொடிக்குக் கீழ மடிச்சுக் கட்டுங்கன்னு சொல்லச் சொல்ல, "சாம்பல் வைக்காம கொடி எப்படித்தா காயும், ஏழு பெத்தவகிட்ட நீ சொல்றியா"ன்னு சண்டைக்கு வந்துருச்சு. நான் மல்லுக்கு நிக்கல. சரி அப்பத்தா, மை பொட்டு உள்ளங்கால்ல வைங்க, கண்ணுபடாது, கொடிய மட்டும் எனக்கு விட்டுருங்க, அப்புறம் ஒரு வேலை உங்களுக்குன்னேன், இந்தப் புள்ளையத் தூக்க வர்றவங்க எவனா இருந்தாலும் கை கழுவாம உள்ள விடக்கூடாது. அன்னிலருந்து அந்த வீட்டு வாசல்ல உக்காந்துக்கிட்டு வர்றவன் போறவனெல்லாம் "கைய கழுவுறா எடுபட்ட பயலே"ன்னு ஏசுது, மீன் ஏவாரத்துக்குப் போயிட்டு வந்த மகனக் கூட விடல. நூறு போஸ்டர் ஒட்டுனாலும் இந்த வேலை நடக்காது.

நேபாளத்துல கொடில எதையாவது தடவுற பழக்கத்த நிறுத்த முடியலன்னு தெரிஞ்சு, தடவுறதா இருந்தா இதத் தடவுங்கன்னு க்ளோர்ஹெக்ஸிடின்ங்கிற கிருமிநாசினிக் களிம்பையே குடுத்தாங்க, நாபி மலம்னு அதுக்குப் பேரு (அவங்க பாஷைல மலம்னா களிம்பு). வீட்டுப் பிரசவம் ஜாஸ்தியா இருந்த எடத்துல அது நல்லாவே வேலை செஞ்சுச்சு. நம்ம மாதிரி ஆஸ்பத்திரிப் பிரசவத்துக்கு சும்மா காய விட்டாப் போதும்ங்கிறதுதான் முறை.

யாரும் பேசாத ஒண்ணு, மூத்திரத் தொற்று. எங்க பக்கம் பாசி எடுக்கப் போற பொம்பளைங்க விரல்ல துணியச் சுத்திக்கிட்டு மணிக்கணக்குல கடல்ல நிப்பாங்க, வயித்துல ஆறு மாசம் இருக்கும்போதும் போவாங்க. கருவாடு காயப்போடுற எடத்துலயும் கக்கூஸ் கெடையாது. அதனால காலைலருந்து தண்ணியே குடிக்கிறதில்ல, குடிச்சா ஒதுங்க எடம் வேணுமே, இருட்டுற வரைக்கும் அடக்கிக்கிட்டு இருப்பாங்க. கர்ப்பத்துல மூத்திரக்குழாய் தளர்ந்து போயி மூத்திரம் ஏற்கனவே தேங்கும், அதுல இதுவும் சேர்ந்தா கிருமி மேல ஏறிக் கிட்னி வரைக்கும் போகும், கொறமாசப் பிரசவம் கூட ஆகலாம். செக்கப்புக்கு வந்தா மூத்திரத்துல ஆல்புமின் (புரதம்), சுகர் மட்டும் பாத்து அனுப்பிர்றோம். எரியுதான்னு கேட்டாக்கூட வெக்கப்பட்டு இல்லம்பாங்க. நான் கேக்குறது வேற மாதிரி: காலைலருந்து எத்தன தடவ ஒதுங்குன? ரெண்டுன்னு சொன்னா போதும், மூத்திரத்துல கிருமி இருக்கான்னு பாக்குற கல்ச்சர் டெஸ்ட் எடுக்க அனுப்பிருவேன். அறிகுறியே இல்லாம கிருமி இருந்தாக்கூட கர்ப்பத்துல அதுக்கு வைத்தியம் பாக்கணும். இந்தத் தொற்றத் தடுக்கிறது மருந்துக்காரங்க வேலைன்னு நான் நெனைக்கல, வேலை பாக்குற எடத்துல கதவு வச்ச ஒரு கக்கூஸ் கட்டிக் குடுக்கணும், அவ்வளவுதான்.

மத்ததெல்லாம் சுருக்கமா சொல்லிர்றேன், இதுல சண்டை போட எதுவும் இல்ல. கர்ப்பத்துல ரண ஜன்னித் (டெட்டனஸ்) தடுப்பூசி, அதுவும் ஆஸ்பத்திரிப் பிரசவமும் சேர்ந்ததுனாலதான் தாய் சேய் ரண ஜன்னிய ஒழிச்சாச்சுன்னு 2015-ல நம்ம நாட்டுக்கு அறிவிக்க முடிஞ்சுது, ஏமன் சோமாலியா மாதிரி நாடுகள்ல இன்னும் ஒழியல. மொத செக்கப்புலயே எச்ஐவி, விடிஆர்எல் (சிபிலிஸ்ங்கிற பால்வினை நோய்க்குப் பாக்குறது), மஞ்சக்காமாலை பி டெஸ்ட், புருஷனுக்கும் சேர்த்து. பொறந்த 24 மணி நேரத்துக்குள்ள புள்ளைக்கு ஹெபடைடிஸ் பி ஊசி. மொத ஒரு மணி நேரத்துக்குள்ள தாய்ப்பால், ஆறு மாசம் வரைக்கும் தண்ணி கூட வேண்டாம். எடை கம்மியாப் பொறந்தா தாயோட நெஞ்சோட நெஞ்சா ஒட்டி வச்சுக்கிறது. 2021-ல வந்த ஆய்வுல, பொறந்த உடனே அப்படி வச்ச புள்ளைங்கள்ல மொத 28 நாள் சாவு கால் பங்கு கொறஞ்சுது, சந்தேகப்பட்ட செப்சிஸும் கொறஞ்சுது.

ஆனா கட்சிரோலியப் பத்தி கொஞ்சம் சொல்லணும். மகாராஷ்டிராவுல அபய் பங், ராணி பங்னு டாக்டர் தம்பதி, காட்டுப் பக்கத்துக் கிராமங்கள்ல ஊர்ப் பொம்பளைங்களுக்கே ட்ரெய்னிங் குடுத்து, வீடு வீடாப் போயி பச்சப்புள்ளையப் பாக்க வச்சாங்க, செப்சிஸ் அறிகுறி தெரிஞ்சா அவங்களே ஜென்டாமைசின்ங்கிற ஆன்டிபயாடிக் ஊசி போடுற அளவுக்கு. 1999-ல லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகைல வந்துச்சு, அந்த ஊர்கள்ல பச்சப்புள்ள சாவு விகிதம் 62 சதவீதம் கொறஞ்சுது. பெரிய ஆஸ்பத்திரி கட்டல. கதவத் தட்டி உள்ள போயி புள்ளையோட துணிய வெலக்கிப் பாத்தாங்க.

உங்க வீட்டுல பச்ச உடம்புக்காரி இருந்தா இதக் கவனிங்க. பிரசவம் ஆகி 42 நாளுக்குள்ள 100.4-க்கு மேல காய்ச்சல், நாத்தமடிக்கிற தீட்டு, அடிவயித்து வலி, ஆபரேஷன் தையல்ல சீழ், நெஞ்சு படபடன்னு அடிக்கிறது, பேச்சு கொழறுறது. "பால் கட்டிக்கிச்சு, அதான் காய்ச்சல்"னு பத்தியம் போட்டு உக்காராதீங்க. புள்ள பால் குடிக்க மாட்டேங்குது, எழுப்புனா எந்திரிக்கல, உடம்பு சில்லுன்னு இருக்கு இல்ல கொதிக்குது, ஒரு நிமிஷத்துக்கு 60-க்கு மேல மூச்சு, நெஞ்சுக்கூடு உள்ள இழுக்குது, தொப்புளச் சுத்தி செவந்திருக்கு, இதுல ஒண்ணு இருந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காம 108. அங்க போன ஒடனே காய்ச்சல்னு மட்டும் சொல்லாதீங்க, இத்தனாம் நாள் பிரசவம் ஆச்சுன்னு மொத வார்த்தையாச் சொல்லுங்க, தாய் சேய் அட்டைய எடுத்துக் காட்டுங்க, இல்லன்னா சாதா காய்ச்சல் வரிசையில உக்கார வச்சிருவாங்க.