பலகைத் தரையில் கட்டம்: வாங்கும்முன் கேளுங்கள்

மச்சுப் பலகையில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டு மேலே வார்னிஷ் அடித்தோம். வெள்ளையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. (நாகப்பட்டினம்)

ஆயில் வார்னிஷ் மஞ்சள் தட்டத்தான் செய்யும். வெள்ளைக்கு மேல் அடிக்க வாட்டர் பேஸ்டு பியூ (பாலியூரித்தேன்) கிளியர், அதாவது தண்ணீரில் கரையும் நிறமில்லாத மேல்பூச்சு, வாங்குங்கள்.

'தரைக்கு இதுதான்' என்று கடைக்காரர் கொடுத்த பெயிண்ட் ரெண்டே மாதத்தில் செதில் செதிலாக உரிகிறது. டப்பாவில் 'உட்புறச் சுவருக்கு' என்று இருக்கிறது. பில் இல்லை, கேட்டால் கையை விரிக்கிறார். (கும்பகோணம்)

உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். சுவர் எமல்ஷன் காலடி படும் இடத்தில் நிற்காது என்பது பெயிண்ட் விற்பவருக்குத் தெரியாமல் இருக்காது. டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள், பேட்ச் எண் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள், யுபிஐயில் பணம் கட்டியிருந்தால் அந்தப் பதிவும் சாட்சிதான். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அப்போதும் கடைக்காரர் மசியவில்லை என்றால் தஞ்சாவூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, ரெண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

இந்த பில் விஷயத்தை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை. பில் போட்டால் ஜிஎஸ்டி சேரும் என்று பயமுறுத்துகிறார்கள், நாமும் சரி வேண்டாம் என்று வந்துவிடுகிறோம். எம்ஆர்பி என்பதே எல்லா வரியும் சேர்ந்த விலை, அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்க முடியாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பலகை மாட்டியிருந்தாலும் குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கக் கடைக்காரர் மறுக்க முடியாது. திருப்பிக் கொடுக்க பில்லில் கெடு எதுவும் போடவில்லையென்றால் 30 நாள் கெடு.

மாஸ்கிங் டேப் ஒட்டியும் கட்டத்தின் ஓரமெல்லாம் கசிந்துவிட்டது. (மயிலாடுதுறை)

மட்டமான டேப்பாக இருக்கும். நான் வாங்கிய மலிவு டேப்பில் பசை பலகையோடு தங்கிவிட்டது, பிரிக்கும்போது பெயிண்டையும் உரித்துக்கொண்டு வந்தது. முழுத் தரைக்கும் வெள்ளை அடித்து நன்றாகக் காயவிடுங்கள். டேப் ஒட்டியதும் ஓரத்தைக் கரண்டி முதுகால் அழுத்தி, அந்த ஓரத்தில் அதே வெள்ளையை மெல்லிசாக ஒரு கோட் தடவுங்கள். கசிகிற இடுக்கை அந்த வெள்ளையே அடைத்துவிடும். அப்புறம் கறுப்பு. அது முழுக்க இறுகுமுன் டேப்பைப் பிரித்துவிட வேண்டும்.

ஐப்பசியில் அடித்து, மறுநாளே பீரோவை நகர்த்தி வைத்தோம். கால் ஒட்டிக்கொண்டது. கம்பெனி மேல் வழக்குப் போடலாமா? (திருவாரூர்)

முடியாது. காயும் நேரம் டப்பாவிலேயே போட்டிருக்கும், படிக்காமல் அடித்துவிட்டு யாரைக் கேட்பது? அடைமழை ஈரத்தில் இன்னும் தாமதமாகும். பங்குனியில் தேய்த்துத் திரும்ப அடியுங்கள், ஒரு வாரத்துக்குக் கனமான சாமான் எதையும் வைக்காதீர்கள்.