குளத்துத் தண்ணிக்குக் கணக்குப் போடும் வேலை: ஒரு சூலூர் அப்பாவுக்குப் பதில்

“டாக்டரும் வேண்டாம், அக்ரியும் வேண்டாம், ஏரித் தண்ணியைக் கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுற படிப்புத்தான் வேணும்ங்கிறா. இப்படி ஒரு வேலை இருக்குதுங்களா?” சூலூரில் தறி ஓட்டும் அப்பா ஒருவரின் கேள்வி இது. மகள் பிளஸ் டூ, பயோ-மேத்ஸ்.

இருக்குதுங்க. ஆனால் அந்தப் பெயரில் காலேஜில் ஒரு டிகிரி இருக்காது. நீங்கள் தேடியும் கண்ணில் படாததற்கு அதுதான் காரணம்.

பாப்பா சொல்வது என்ன வேலை என்று முதலில் பார்த்துவிடலாம். நொய்யல் குளங்களை நீங்கள் தினமும் பார்க்கிறவர். சாக்கடை கலக்கிறது, பாசி பச்சையாய்ப் படர்கிறது, ஆகாயத்தாமரை மூடுகிறது. ராத்திரியில் பாசியும் மூச்சுவிடுவதால் ஆக்சிஜன் இறங்கி, விடிகாலையில் மீன் செத்து மிதக்கிறது. சுத்தம் பண்ணணும் என்று எல்லோரும் சொல்கிறோம். சரி, எவ்வளவு சுத்தம்? மீனும் பறவையும் வாழும் தண்ணீரில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் ஆக்சிஜனாவது இருக்கணும் என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘டி’ வகுப்பு. ஆனால் பாசியை வளர்க்கும் பாஸ்பரஸுக்கு அந்த வகுப்புப் பட்டியலில் அளவே கிடையாது. எந்த வாய்க்காலில் எத்தனை கிலோ பாஸ்பரஸைத் தடுத்தால் அந்த 4 நிற்கும் என்பதை யாராவது கணக்குப் போட்டுத்தான் சொல்லணும்.

அந்தக் கணக்கு பின்னாலிருந்து வரும். மீன் பிழைக்கணும் என்றால் பாசி இவ்வளவுக்கு மேல் கூடாது. பாசி அதற்குள் நிற்க பாஸ்பரஸ் இவ்வளவுதான் இருக்கலாம். அப்படியானால் வருஷத்துக்கு இத்தனை கிலோதான் உள்ளே வரலாம். வரவு, செலவு, இருப்பு மாதிரிதான். வோலன்வைடர் என்ற விஞ்ஞானி 1970-களில் கொடுத்த எளிய சூத்திரப்படி, தண்ணீர் சராசரியாக ஒரு வருஷம் தங்கும் ஏரியில் பாஸ்பரஸ் செறிவு, உள்ளே வரும் தண்ணீரில் இருப்பதில் பாதியாக இருக்கும். மூன்று மாதமே தங்கினால் மூன்றில் இரண்டு பங்கு. இதைப் போட பிளஸ் டூ கணக்கே போதும், ஒரு வர்க்கமூலம்தான் வருகிறது. மீதியெல்லாம் இதன் மேல் கட்டியதுதான்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லைங்க. 1973-ல் கனடாவில் ஒரு சிறு ஏரியின் குறுக்கே திரை கட்டி, இரண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டு, ஒரு பக்கம் மட்டும் பாஸ்பரஸும் சேர்த்தார்கள். அந்தப் பக்கம்தான் பச்சையாகிப் போனது. இரண்டு நாட்டு எல்லையில் இருக்கும் ஈரி ஏரிக்கு வருஷம் 11,000 டன்னுக்கு மேல் பாஸ்பரஸ் போகக்கூடாது என்று அமெரிக்காவும் கனடாவும் 1978-ல் இலக்கு வைத்தபோது, அந்த எண் இப்படிப்பட்ட மாதிரிக் கணக்குகளிலிருந்துதான் (ஏரி எப்படி நடந்துகொள்ளும் என்று சூத்திரத்தில் போட்டுப் பார்ப்பது, இங்கிலீஷில் ‘மாடல்’) வந்தது.

நம் ஊருக்கு வந்தால் கதை கொஞ்சம் மாறும். அந்தச் சூத்திரங்கள் குளிர்நாட்டு ஆழமான ஏரிகளை அளந்து செய்தவை. நம் குளங்கள் ஆழமில்லாதவை, வெயில் ஊர், கோடையில் பாதி வற்றும். வருஷக்கணக்காக அடிச்சேற்றில் படிந்த பாஸ்பரஸ் திரும்ப மேலே வரும். சாக்கடையை நிறுத்திய பிறகும் பாசி உடனே அடங்காது. எண்களை நம் குளத்துக்குத் தக்கபடி அளந்து திருத்த இங்கேயே ஆள் வேணும். உங்கள் பெண்ணுக்கு இடம் இருப்பது அங்கேதான் என்பது என் கணிப்பு.

இனி படிப்பு. பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் என்று பெயரைப் பார்த்து மயங்கி நேரே போய்ச் சேர வேண்டாம். எல்லாவற்றையும் தொட்டுவிட்டு எதிலும் கை ஊன்றாத பாடத்திட்டம் சில இடங்களில் உண்டு. பி.இ. சிவில் அல்லது கெமிக்கல் எடுக்கட்டும். இன்ஜினியரிங் பிடிக்கவில்லையா, பி.எஸ்சி. புள்ளியியலோ விலங்கியலோ போகலாம். அப்புறம் மேற்படிப்பில் சுற்றுச்சூழல் பொறியியலோ நீர்வளமோ எடுத்துக்கொள்ளலாம். எம்.டெக். சேர எழுதும் கேட் (GATE) தேர்வில் 2021 முதல் சுற்றுச்சூழலுக்குத் தனித் தாள் இருக்கிறது. கேட் மதிப்பெண்ணோடு எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. தறிக்காரர் வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வேலை பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். ஏரி மாதிரிக் கணக்கு மட்டுமே பார்க்கும் வேலை குறைவு. அரசு வாரிய வேலையை மட்டும் நம்பினால் அறிவிப்புக்குக் காத்திருந்தே வயசு போகும். ஆனால் 2011-ல் கோர்ட் உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடிக் கிடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனைக்கு அப்புறம், திருப்பூர் முதல் பெருந்துறை வரை சுத்திகரிப்பு ஆலைகளுக்குத் தண்ணீர் தெரிந்த இன்ஜினியர் வேண்டியிருக்கிறது. முதல் சம்பளம் அங்கே வரலாம். கன்சல்டன்சி, ஆராய்ச்சித் திட்டம் எல்லாம் அடுத்த படி. கணக்கும் புரோகிராமிங்கும் கையில் இருந்தால் ஏரி இல்லாத கம்பெனியிலும் சோறு கிடைக்கும். இப்படி ஒரு வேலை இருக்குமா என்ற உங்கள் பயத்துக்கு என் பதில் இதுதான்.

இந்த லீவில் அவள் செய்ய ஒன்று. இருபது சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு தகரத் தட்டு, நான்கு பாகமாகக் கறுப்பு வெள்ளைப் பெயின்ட், நடுவில் அளவு குறித்த கயிறு, அடியில் ஒரு எடை. மதகு மேலிருந்து இறக்கி எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று வாரம் ஒருமுறை எழுதி வரட்டும்; நீங்கள் கூடப் போங்கள், தண்ணீரில் இறங்க விட வேண்டாம். ஏரியை ஆராய்கிறவர்கள் இன்றும் தெளிவை அளப்பது இப்படித்தான். மழைக்கு முன்னும் பின்னும் எண் எப்படி மாறுகிறது என்று அவளே பார்க்கட்டும். அதில் சலிப்புத் தட்டினால் இந்தப் படிப்பை இப்போதே மறுபடி யோசிக்கலாம், செலவு ஒரு டப்பா பெயின்ட்தான். கம்ப்யூட்டரில் கணக்குப் போட உதவும் ஆர் (R), பைத்தான் என்ற புரோகிராமிங் மொழிகள் இரண்டும் இலவசம். ஏரிக்கென்றே இருக்கும் ஜெனரல் லேக் மாடல் என்ற சாஃப்ட்வேரும் இலவசம். அதற்கெல்லாம் காலேஜில் நேரம் இருக்கிறது.

ஒன்று கேட்கணும். உயிரியலில் நல்ல மார்க் என்று எழுதியிருக்கிறீர்கள், கணக்கில் எவ்வளவு என்று சொல்லவே இல்லை. கவுன்சிலிங்கில் எந்தக் காலேஜை மேலே வைப்பது என்று கேட்டு எழுதும்போது அதையும் சேர்த்து எழுதுங்கள். எனக்கு அந்த மார்க்தான் முதலில் வேணும்.