மருந்துக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கொடுக்கலாமா?

அன்புள்ள ஐயா,

சாவகச்சேரியில் இருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 74 வயது, நிறை 54 கிலோ. பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம். மெற்போமின் 500 குளிசை காலையில் இரண்டு, இரவில் இரண்டு போட்டு வந்தா. பிறஷருக்கு லோசாட்டனும் அம்லோடிப்பினும். போன மாதம் கிளினிக்கில் கிரியேற்றினின் 1.3 என்று றிப்போட் வந்தது. உடனே டொக்டர் மெற்போமினைக் காலை ஒன்று, இரவு ஒன்று என்று பாதியாக்கிவிட்டார். சீனி குறையவே இல்லை, பிறகு ஏன் மருந்தைக் குறைக்க வேண்டும்? "மருந்து தட்டுப்பாடு, அதுதான் வெட்டிப்போட்டினம்" என்கிறா பக்கத்து வீட்டு மாமி.

அம்மா வேறு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறா. "இவ்வளவு வருசமாப் போட்ட மருந்தெல்லாம் உடம்பிலை தங்கிப் போச்சு, கிட்னியும் அதாலைதான் பழுதாப் போச்சு" என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு குளிசையும் போடுவதில்லை. அன்றைக்கு நெருஞ்சி அவித்த தண்ணீர் குடிக்கிறா. முழங்கால் நோவுக்கு மட்டும் அண்ணா லண்டனில் இருந்து அனுப்பிய ஐபுபுரோபென். மருந்து உண்மையிலேயே உடம்பில் தங்குமா? அது எப்படித்தான் வெளியே போகிறது? அம்மாவுக்கு விழுங்கக் கஷ்டமாக இருக்கிறது, குளிசையை இடித்துக் கொடுக்கலாமா?

ரமணன்

---

அன்புள்ள ரமணன்,

டொக்டர் செய்தது சரி. அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வது சரியில்லை. உடம்பு மருந்தை எவ்வளவு வேகமாக வெளியே அனுப்புகிறது என்று பார்த்தால் இரண்டுக்கும் காரணம் விளங்கிவிடும். மாமியின் சந்தேகத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். 2022இல் ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லாமல் சனம் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த நினைப்பு வருவது இயல்பு. ஆனால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேற்றினின் இரத்த றிப்போட்டைப் பார்த்து மெற்போமினைப் பாதியாக்குவது உலகம் முழுக்க நடக்கிற வைத்திய முறை.

விழுங்கிய குளிசை குடலில் கரைந்து இரத்தத்தில் சேரும். குடலில் இருந்து வரும் இரத்தம் நேரே ஈரலுக்குத்தான் போகிறது. சில மருந்துகளை ஈரல் அந்த முதல் சுற்றிலேயே பெரும்பாலும் உடைத்துவிடும். நெஞ்சு நோவுக்குக் கொடுக்கும் கிளிசரைல் ட்ரைநைட்ரேற்றை நாக்குக்குக் கீழே வைக்கச் சொல்வது அதனால்தான். வாயின் இரத்தக்குழாய் வழியே போனால் ஈரலைச் சந்திக்காமல் இதயத்துக்குப் போய்விடும்.

மருந்து வெளியேற முக்கியமாக இரண்டு உறுப்புகள் வேலை செய்ய வேண்டும். சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லீற்றர் நீரை இரத்தத்தில் இருந்து வடிக்கின்றன. அதில் ஒன்றரை லீற்றர் அளவுதான் சிறுநீராகப் போகிறது, மிச்சம் திரும்ப இரத்தத்துக்கே வருகிறது. கொழுப்பில் கரையும் மருந்தும் அந்த நீரோடு சேர்ந்து திரும்பி வந்துவிடும். அப்படிப்பட்ட மருந்தை ஈரல் முதலில் தண்ணீரில் கரையும் பொருளாக மாற்றிக் கொடுக்க வேண்டும், அதன் பிறகுதான் சிறுநீரகத்தால் அதை அனுப்ப முடியும். சில மருந்துகள் பித்தத்தோடு சேர்ந்து மலத்திலும் போகும்.

மெற்போமினை ஈரல் உடைப்பதே இல்லை. இரத்தத்தில் சேர்ந்த மெற்போமின் எந்த மாற்றமும் இல்லாமல் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. அந்த வழி ஒடுங்கினால் அதற்கு வேறு வழி கிடையாது.

இனி அம்மாவின் பயத்துக்கு வருவோம். கிணற்றடித் தொட்டி ஒன்றை நினைத்துப் பாருங்கள். மேலே குழாயில் ஒரே அளவாகத் தண்ணீர் விழுகிறது, அடியில் ஒரு துவாரம். தண்ணீர் உயர உயரத் துவாரத்தால் போகும் வேகமும் கூடும். ஒரு கட்டத்தில் வருவதும் போவதும் சமமாகி, மட்டம் அங்கேயே நின்றுவிடும். பெரும்பாலான மருந்துகளும் உடம்பில் இப்படித்தான் நடக்கின்றன. பதினைந்து வருடம் போட்டாலும் பதினைந்து வருடத்து மருந்து சேர்ந்திருக்காது. ஒரு மட்டத்துக்கு வந்து அதிலேயே நிற்கும். ஆனால் துவாரம் பாதி அடைத்துப்போனால், குழாயில் அதே அளவு தண்ணீர் விழுந்தாலும் மட்டம் முன்னைவிட மேலே போய்த்தான் நிற்கும். டொக்டர் குழாயைக் கொஞ்சம் பூட்டியிருக்கிறார், அவ்வளவுதான். சீனி எவ்வளவு என்பதற்கும் இந்தக் குறைப்புக்கும் சம்பந்தமில்லை. சீனி கூடினால் அதற்கு வேறு மருந்து சேர்ப்பார்கள். மெற்போமின் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் இரத்தத்தில் லக்டிக் அமிலம் கூடலாம். அரிதுதான், ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து.

"1.3 தானே, பெரிதாக ஒன்றும் இல்லையே" என்று நீங்கள் நினைக்கலாம். இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் ஏமாந்து போகின்றன. கிரியேற்றினின் தசையில் இருந்து வரும் கழிவு. வயது போகத் தசை வற்றும், கிரியேற்றினினும் குறைவாகவே உண்டாகும். ஆகவே சிறுநீரகம் நன்றாகத் தளர்ந்த பிறகும் அந்த எண் பெரிதாக ஏறாது. 1976இல் காக்குரொஃப்ட், கோல்ட் என்ற இருவர் வெளியிட்ட சூத்திரம் ஒன்று இதைச் சரிசெய்கிறது. 140இல் இருந்து வயதைக் கழித்து, நிறையால் பெருக்கி, கிரியேற்றினினின் 72 மடங்கால் பிரிக்க வேண்டும். பெண் என்றால் விடையை 0.85ஆல் பெருக்க வேண்டும். சிறுநீரகம் ஒரு நிமிடத்தில் எவ்வளவு இரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்பதன் மதிப்பீடுதான் விடை. உங்கள் அம்மாவுக்கு அது நிமிடத்துக்கு 32 மில்லிலீற்றர் வருகிறது. அதே 1.3 உள்ள, 70 கிலோ நிறையான 30 வயது இளைஞனுக்கு 82. றிப்போட்டில் இருவருக்கும் ஒரே எண்தான். டொக்டர்மார் இப்போது மெற்போமினுக்கு வேறு கணக்கும் பார்க்கிறார்கள், அதில் எண் கொஞ்சம் மாறும். என்றாலும் 30க்கும் 45க்கும் இடையில் இருந்தால் மெற்போமினை ஒரு நாளைக்கு 1000 மி.கி.க்கு மேல் கொடுப்பதில்லை. 30க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார்கள். இப்போது அம்மாவுக்குக் கொடுப்பது சரியாக 1000 மி.கி.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை. ஒரு மருந்தின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறைய எடுக்கும் நேரத்தை அரைவாழ்வுக் காலம் என்பார்கள். நூறு ஐம்பதாகும், ஐம்பது இருபத்தைந்தாகும். ஐந்து தடவை பாதியானால் நூற்றில் மூன்றுதான் மிஞ்சும். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு மெற்போமினின் அரைவாழ்வு ஏறத்தாழ 6 மணித்தியாலம், அம்மாவுக்கு இன்னும் கூட இருக்கும். அம்லோடிப்பினுக்கு 30 முதல் 50 மணித்தியாலம். வயது போனவர்களுக்கு அதுவும் நீளும். ஆக, ஞாயிறு முழுக்க விட்டால் மெற்போமின் நன்றாகக் குறைந்து சீனி ஏறும். அம்லோடிப்பினோ பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். அம்மா எதை வெளியேற்ற நினைக்கிறாவோ அது போவதில்லை, எது இருக்க வேண்டுமோ அது போய்விடுகிறது. திங்கள் காலையில் சோதித்தால் சீனி கூடக் காட்டும். அதைப் பார்க்கும் டொக்டருக்கு ஞாயிற்றுக்கிழமைக் கதை தெரியாது. மருந்து போதவில்லை என்று நினைத்து இன்னொன்றை எழுதிவிடுவார். எனக்கு உண்மையில் பயமாக இருப்பது இதுதான்.

தங்கும் மருந்துகள் இல்லாமல் இல்லை. நித்திரைக்கென்று பலர் போடும் டயசிபாம் கொழுப்பில் நன்றாகச் சேரும். ஈரல் அதை உடைத்து உண்டாக்கும் பொருளும் மருந்தாகவே வேலை செய்யும், அது போய்த்தீர நாட்கள் ஆகும். வயது போனவர்கள் இரவில் போட்டுவிட்டுப் பகலில் தள்ளாடி விழுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். வலிப்புக்குக் கொடுக்கும் பெனிற்றோயின் தொட்டிக் கணக்கில் அடங்காது. அதை உடைக்க ஈரலுக்கு ஒரு உச்ச வேகம் உண்டு. அதைத் தாண்டிவிட்டால், அளவைக் கொஞ்சம் கூட்டினாலே இரத்தத்தில் எக்கச்சக்கமாக ஏறிவிடும். அம்மா இந்த இரண்டையும் போடுவதாக நீங்கள் எழுதவில்லை. போட்டால் கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள்.

நெருஞ்சித் தண்ணீர் குடித்தால் சிறுநீர் கூடப் போகலாம். அதனால் மருந்து வேகமாகக் கழுவப்படாது. மெற்போமினைச் சிறுநீரகத்தின் நுண்குழாய்கள்தான் இரத்தத்தில் இருந்து இழுத்து வெளியே விடுகின்றன. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் அந்த வேலையின் வேகம் பெரிதாகக் கூடாது.

இனி ஐபுபுரோபென். ரமணன், உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது இந்த ஒரு வரிதான். கிட்னியை மெற்போமின் பழுதாக்கியது என்று அம்மா நினைக்கிறா. மெற்போமின் அப்படிச் செய்வதில்லை. ஐபுபுரோபென், டைக்ளோபெனாக் போன்ற நோக்குளிசைகள்தான் சிறுநீரகத்துக்குள் போகும் இரத்தத்தைக் குறைக்கும். அதோடு லோசாட்டனும் போடும் ஒருவர், சித்திரை வெயிலில் தண்ணீர் போதாமலோ வயிற்றோட்டத்தாலோ வாடினால், சில நாட்களுக்குள்ளேயே சிறுநீரகம் மோசமாகலாம். அண்ணா அன்போடுதான் அனுப்பியிருப்பார், லண்டனில் அதைக் கடையிலேயே வாங்கலாம். அம்மா அதை இப்போதைக்கு நிறுத்தட்டும். போத்தலை அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டி, எத்தனை நாளாகப் போட்டா என்றும் சொல்லுங்கள். ஒருவேளை அந்த 1.3க்கே அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நோவுக்குப் பனடோல் எவ்வளவு போடலாம் என்று அங்கேயே கேளுங்கள். சத்தியோ வயிற்றோட்டமோ கடுமையாக வந்தால், அந்த நாட்களில் மெற்போமினையும் லோசாட்டனையும் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்கி வையுங்கள்.

இடித்துக் கொடுப்பது எந்த மெற்போமின் என்பதைப் பொறுத்தது. பெட்டியிலோ அட்டையிலோ எக்ஸ்ஆர், எஸ்ஆர் என்று இருந்தால் அது மருந்தை மெதுவாக விடும் குளிசை. இடித்தால் முழு அளவும் ஒரேயடியாக இறங்கும், ஆகவே இடிக்கக் கூடாது. சாதாரணக் குளிசை என்றால் இடிக்கலாம், கைப்பாக இருக்கும். எது என்று தெரியாவிட்டால் அட்டையைப் பாமசியில் காட்டிக் கேளுங்கள்.