தெற்கு வாசல் கல்லில் இருப்பது நிழற்கடிகாரம்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கிராமத் தேவாலயத்தின் தெற்கு வாசல் கல்லில் நீங்கள் கண்ட துளையும் அதிலிருந்து கீழ்நோக்கி விரியும் கோடுகளும் கொத்தரின் முத்திரை அல்ல. பூசை நேரம் பார்க்கக் கீறிய நிழற்கடிகாரம். துளையில் குச்சி செருகியிருப்பார்கள். அதன் நிழல் உரிய கோட்டைத் தொட்டால் பூசை நேரம்.

அந்தக் கல் இருக்கும் முகமண்டபத்துக்குள் வெயிலே படாதே என்று கேட்டிருந்தீர்கள். மண்டபம் பிற்காலத்தில் எழுப்பியதாக இருக்கும். அதே யார்க்‌ஷயரில் கிர்க்டேல் தேவாலயத்தின் 1055–1065 காலத்து நிழற்கடிகாரமும் இன்று இப்படித்தான் மண்டப நிழலில் இருக்கிறது. இடிந்து கிடந்த கோயிலை வாங்கி அடியிலிருந்து கட்டியதை ஓர்ம் என்பவர் அதில் பழைய ஆங்கிலத்தில் பொறித்து வைத்திருக்கிறார். அவசியம் போய்ப் பாருங்கள்.

மண்டபச் சுவர் தேவாலயச் சுவரைச் சந்திக்கும் மூலையை முதலில் கவனியுங்கள். கற்கள் ஒன்றையொன்று கவ்வாமல், இணைப்பு மேலிருந்து கீழ்வரை நேர்க்கோடாக ஓடினால் மண்டபம் பின்னால் வந்தது. டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த கோடுகளும் தெரியும்.

முழு வட்டத்துக்குள் ஆறிதழ்ப் பூ தெரிந்தால் அது கடிகாரமில்லை, கவராயத்தால் கீறிய வேறு குறி. கோடு தெளிவதற்காகச் சுண்ணக்கட்டியோ கரியோ மட்டும் தேய்த்துவிடாதீர்கள். அந்தப் பழங்கல் தாங்காது.