பிளான்ட்–கிராஸுக்கு முன்பே அந்தப் பாட்டைப் பாடிய பெண்குரல்

'கில்லிங் த ப்ளூஸ்' பாட்டை ராபர்ட் பிளான்ட், அலிசன் கிராஸ் என்ற பாடகர் ஜோடிக்கு முன்பே ஒரு பெண் தனியாகப் பாடிக் கேட்டதாகவும், ஆல்பம் பெயர் நினைவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அமெரிக்கப் பாடகி ஷான் கால்வினாகத்தான் இருக்கும். பிறர் பாட்டுகளை அவர் பாடி 1994-ல் வந்த 'கவர் கேர்ள்' ஆல்பத்தில் இருக்கிறது. ஜோடியின் 'ரெய்சிங் சாண்ட்' ஆல்பம் வந்தது 2007-ல். பாட்டை எழுதியவர் ரோலி சாலி. ஜான் பிரைனும் 1979-லேயே பாடியிருக்கிறார், ஆனால் அது ஆண்குரல்.

ஷான் கால்வின் என்றாலே எல்லோரும் 'சன்னி கேம் ஹோம்' என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். கிராமி வாங்கிய பாட்டு, சரி. அதன் நிழலில் இந்த ஆல்பம் காணாமல் போனது அநியாயம்.

கையில் கிடைத்ததும் முதலில் 'தேர்ஸ் எ ரக்ட் ரோட்' கேளுங்கள். ஜூடி சில் எழுதியது. அவர் 1979-லேயே இறந்துவிட்டார். 1994-ல் அவரை நினைவில் வைத்திருந்தவர்களே குறைவு. அப்போது அவர் பாட்டைக் கால்வின் தேடி எடுத்ததற்கே ஒரு கும்பிடு போடலாம். அப்புறம் டாக்கிங் ஹெட்ஸ் ராக் குழுவின் 'திஸ் மஸ்ட் பி த ப்ளேஸ்', மேடையில் பதிவானது. மூலத்தின் துள்ளலைக் கழற்றி வைத்துவிட்டு கிட்டாரோடு பாடும்போதுதான், அது எவ்வளவு நல்ல காதல் பாட்டு என்று தெரிகிறது.

இதே ஆல்பத்தில் 'போலீஸ்' என்ற ராக் குழுவின் பாட்டு மட்டும் எனக்கு ஒட்டவில்லை. இழுத்துப் பாடியதில் உற்சாகமே வடிந்துவிட்டது.

தேடும்போது 2015-ல் வந்த 'அன்கவர்ட்' என்ற ஆல்பமும் வரும். அதுவும் அவர் பிறர் பாட்டுகளைப் பாடியதுதான், ஆனால் நீங்கள் கேட்ட பாட்டு அதில் இல்லை.